மார்ட்டின் கீலியின் ஒரே வாரிசு

கேட்டி, டெக்சாஸ்
3 மார்ச் 2024

சேசு மரி சூசை

பிரிஜித்தாவுக்கு அக்கா சவரியம்மாள் எழுதுவது.

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் பெயரை முதலில் எழுதிவிடுகிறேன். அப்புறம் நீ, "அக்காவுக்கு வயசாயிடுச்சு, எல்லாம் குழம்பிப்போச்சு" என்று சொல்லக் கூடாது. பூசை உடுப்போடு பாதர் ரூர்க். பெட்டியின் தலைமாட்டில் என்ஜின் டிரைவர் ரெஜினால்டு, கால்மாட்டில் கார்டு டிகோஸ்டா. ரெஜினால்டின் சம்சாரம் டாலி மிஸ்ஸி, கறுப்பு வலை வைத்த தொப்பியில். அவள் பக்கத்தில் நீ, வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு. தள்ளி ஒரு வேப்பமரத்தடியில் குழிவெட்டி சின்னப்பன். இவ்வளவு பேரும் மதிலுக்கு உள்ளே, சட்டைக்கார ஆங்கிலோ இந்தியர்களைப் புதைக்கிற பக்கம். மதிலுக்கு இந்தப் புறம், நம் தமிழாட்கள் பக்கம், மாமா அந்தோணி, அம்மா, நான். 1956ஆம் வருடம், ஆவணி, போத்தனூர். பெட்டிக்குள் நம் அப்பா.

நம் அப்பா என்று எழுதியிருக்கிறேன். திருப்பி ஒரு தரம் படி.

என் மகன் ரூஃபஸுக்குப் போன மாதம் வேலை போய்விட்டது. எண்ணெய்க் கம்பெனியில் பாதிப் பேரை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதத்துக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் பெண்டாட்டி பிள்ளையோடு மூட்டை கட்ட வேண்டும். கிரீன் கார்டு வரிசையில் பத்து வருடத்துக்கு மேலாக நிற்கிறான். அது நகர்கிற வரிசை இல்லை.

அப்போதுதான் என்னிடம் வந்து, "அம்மா, உங்க அப்பா அயர்லாந்துல பொறந்தவர்தானே? தாத்தா அங்க பொறந்திருந்தா பேரனுக்கு பாஸ்போர்ட் குடுக்குறாங்கம்மா" என்றான். பிறந்ததிலிருந்து தன் தாத்தாவைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி அது.

கம்ப்யூட்டரில் உட்கார்ந்தான். அந்த ஊர்க் கோவில் புத்தகங்களையெல்லாம் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்களாம். அப்பாவின் ஞானஸ்நானம் கிடைத்தது. அவர் அப்பன் ஆத்தாளை எந்தக் கல்லறையில் வைத்தார்கள் என்பது கூடக் கிடைத்தது. அவர் ஆத்தாள் பெயர் பிரிஜித். உன் பெயர் எங்கேயிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது. என் பெயர் அம்மாவின் பாட்டி பெயர்.

கடைசியாக அப்பாவின் சாவுச் சான்று வேண்டும் என்றான். கோயமுத்தூரில் ஒரு வக்கீலைப் பிடித்தான். வக்கீல் போனில் சிரிக்கிறான்: "அது ரெடியா இருக்குதுங்க சார். 2009லயே ஒரு அம்மா வந்து வாங்கிட்டுப் போயிருக்காங்க." சாவு பதிவாகாத ஆளுக்குச் சான்று கேட்டால் வாரிசுச் சான்றும் வைக்கச் சொல்வார்களாம். வைத்திருக்கிறாய். பிரிஜித் கீலி, மகள், ஒரே வாரிசு.

அந்த ஆபீஸ் வாசலில் பஸ் ஏறினால் நேராக வந்து இறங்குகிற தெருவில் நான் உயிரோடு இருந்தேன் பிரிஜித்தா.

எனக்கு உன்னிடம் வேண்டியது இரண்டு. நான் உன் கூடப் பிறந்தவள், ஒரே அப்பனுக்குப் பிறந்தவள் என்று நோட்டரி முன்னால் எழுதிக் கையெழுத்துப் போடு. ரூஃபஸ் ஒரு குழாய் அனுப்புவான், அதில் துப்பி அனுப்பு, எச்சிலை வைத்தே ரத்த உறவைச் சொல்லிவிடுவார்களாம். என் ஞானஸ்நானப் புத்தகத்தில் தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு போட்டிருக்கிறது. உன் எச்சிலும் உன் கையெழுத்தும் இல்லாமல் அந்தக் கோடு அப்பாவாக மாறாது.

கிறிஸ்துமஸுக்கு வந்தவள் நான். என் பாஸ்போர்ட் ரூஃபஸின் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறது. இந்தக் காகிதம் முடியும்வரை என்னை ஊருக்கு அனுப்ப மாட்டான்.

போன் பண்ணாதே. போனில் சொன்னதை நாளைக்கு இல்லை என்பாய். காகிதத்தில்தான் என்னை இல்லாமல் ஆக்கினாய், காகிதத்திலேயே பதில் எழுது.

சவரியம்மாள்

எடிசன், நியூ ஜெர்சி
14 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் தமிழ் எழுதிப் பல வருடமாகிறது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

ரூஃபஸ் வேலை பற்றிக் கேட்டு வருத்தப்பட்டேன். இங்கேயும் தெருவுக்கு இரண்டு வீட்டில் அதே கதைதான். அவனுக்காக ஜெபம் செய்கிறேன்.

நீங்கள் கேட்டதை என்னால் செய்ய முடியாது. காரணத்தை எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் நீங்களே ஒரு காரணம் கண்டுபிடிப்பீர்கள்.

அந்தச் சான்றை வாங்கியது என் மகள் ரெபெக்காவுக்காக. அதை வைத்துத்தான் அவளுக்கு ஐரிஷ் பாஸ்போர்ட் கிடைத்தது, டப்ளினில் வேலை கிடைத்தது. அந்தக் கம்பெனிதான் அவளை நியூயார்க்குக்கு அனுப்பியது. தினமும் காலையில் ட்ரெயின் பிடித்து மன்ஹாட்டன் போகிறாள். வீடு, பிள்ளைகள் பள்ளிக்கூடம், எல்லாம் அதற்கு மேல் கட்டியது. வாரிசு வேறு யாரும் இல்லை என்று நான் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். இன்றைக்கு எனக்கு அக்கா இருக்கிறார்கள் என்று எழுதினால், அந்தச் சத்தியம் பொய் என்று நானே சொன்னதாகும். அதற்கு என்ன தண்டனை, யாருக்கு என்று எனக்குத் தெரியாது. ரெபெக்காவின் வாழ்க்கையை வைத்து நான் சோதித்துப் பார்க்க முடியாது.

இன்னொன்று. ரெபெக்காவுக்கு உங்களைத் தெரியாது. எனக்கு அக்கா உண்டு என்று நான் சொன்னதில்லை.

நீங்கள் எழுதிய பெயர்கள் எல்லாம் சரி. உங்கள் ஞாபகத்தை நான் சந்தேகப்படவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

பிரிஜித்

கேட்டி
22 மார்ச் 2024

சேசு மரி சூசை

பிரிஜித்தாவுக்கு,

ரெபெக்காவுக்கு உங்களைத் தெரியாது. இப்படி எழுதினாயே, அப்போது உன் பேனா ஒரு நிமிஷம் நின்றதா, இல்லை அப்படியே ஓடியதா?

உன் கல்யாணத்தை நீ மறந்திருப்பாய். மெட்ராஸ். அம்மா தனக்குக் காய்ச்சல் என்று என்னை மட்டும் அனுப்பினாள். ராத்திரி முழுக்க ரயிலில் மடியில் வைத்து முறுக்கு டின் கொண்டுவந்தேன். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "யாரும்மா இது?" என்றாள். நீ சிரித்துக்கொண்டே, "எங்க ஆயாவோட பொண்ணு ஆன்ட்டி. எங்க வீட்டு மேல அவ்வளவு விசுவாசம்" என்றாய். எனக்கு அடுப்படி ஓரம் இலை போட்டார்கள். எனக்குப் பசி, சாப்பிட்டேன். அந்தச் சோறு இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

நீ பூனைக்கண், வெள்ளைத் தோல். நான் அம்மா நிறம். அதற்கு நீ என்ன செய்வாய், நான் என்ன செய்வேன்? உனக்கு மலைமேல் கான்வென்ட். எனக்கு ஐந்தாவதோடு நின்றது, அப்புறம் மில் வேலை. இருந்தாலும் சொல்கிறேன், அப்பா என்னை ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை. ஈரோட்டு வண்டியை ஓட்டி வரும்போது நம் வீட்டுக்குப் பக்கத்து ரயில்வே கேட்டில் எனக்காக இரண்டு தரம் ஊதுவார். நான் படலோரம் நிற்பேன். அவர் கண் மூடிய பிறகு என்னைத் தள்ளினது பாதரும் டாலி மிஸ்ஸியும் நீயும்தான். அம்மாவை இதில் இழுக்காதே. அவள் மதிலோரம் நின்று கல்லாகச் சமைந்து போனவள்.

இங்கே என் நிலைமை கேள். வாசல் மணியில் ஒரு கண் வைத்திருக்கிறார்கள். போன கடிதத்தைத் தபாலில் போட இறங்கினேன். கதவே ரூஃபஸ் குரலில் பேசுகிறது.

"அம்மா, எங்க போறீங்க?"

"தபால் போட."

"யாருக்கு?"

"கர்த்தருக்கு."

"வெயில் ஏறுதும்மா, உள்ள போங்க. ஈவினிங் நான் டிரைவ் பண்ணிக் கூட்டிட்டுப் போறேன்."

அவன் எங்கேயோ ஹூஸ்டனில் இன்டர்வியூவுக்குக் காத்துக்கொண்டிருக்கிறான், குரல் மட்டும் என் வாசலில். மருமகள் யூனிஸ்தான் கைப்பைக்குள் வைத்துக் கொண்டுபோய்ப் போட்டாள். தெருவில் நடந்தால் ஒரு மனுஷ முகம் கிடையாது. எல்லா கராஜும் வாயை மூடிக்கொண்டிருக்கும். தெரு முடிகிற இடத்தில் ஒரு சுவர், அதற்கு அந்தப் பக்கம் ஃப்ரீவே. கார் போகிற சத்தம் மட்டும் கேட்கும்.

உன் பதிலை ரூஃபஸ் வாசித்துவிட்டான். வாசித்துவிட்டுச் சொல்கிறான்: "சித்தி ஒத்துக்கலைன்னா நானே அயர்லாந்துக்கு எழுதிப் போடுறேம்மா. அந்த வாரிசுச் சான்றே ஃபிராடுன்னு."

"எழுதுனா உன் தங்கச்சி என்னடா ஆவா?"

"எந்தத் தங்கச்சி? நான் அவளப் பாத்ததே இல்லையே."

"பாக்காட்டி இல்லைன்னு ஆயிருமா?"

"உங்களை அவங்க அப்படித்தானே பண்ணாங்க?"

அவன் கேட்டது நான் கேட்டதுதான், ஆனால் அவன் வாயில் கேட்கச் சகிக்கவில்லை. நான் ஒன்று செய்தேன். எனக்கு வாங்கி வைத்திருக்கிற குழாயில் துப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "நீ எழுதிப் போட்டா நான் துப்ப மாட்டேன், நான் துப்பாட்டி உனக்குத் தாத்தா கிடையாது" என்றேன் அவனிடம். அதனால் இப்போதைக்கு அடங்கியிருக்கிறான். எத்தனை நாளைக்கு என்று தெரியாது. அவன் பிள்ளை ரெனிஷ் பள்ளிக்கூடம் முடிக்க இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அந்தப் பையன் முகத்தைப் பார்த்தால் நானே துப்பிவிடுவேன்.

சவரியம்மாள்

எடிசன்
5 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மேசை டிராயரில் வைத்திருந்தேன். எடுத்து எடுத்துப் படித்தேன். முறுக்கு டின் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதை யாருக்கும் கொடுக்காமல் நானே வைத்துத் தின்றேன். இதைச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

டாலி ஆன்ட்டி அன்றைக்கு என் பக்கத்தில் நின்றாள் என்று எழுதியிருந்தீர்கள். நிற்க மட்டும் இல்லை. என் தோளை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். நான் மதில் பக்கம் ஓடிவிடக் கூடாதென்று. ஏற்கெனவே ஒரு தரம் ஓடப் பார்த்துப் பிடிபட்டேன். மதிலுக்கு மேல் உங்கள் தலை தெரிந்தது. நீங்கள் கல்லின் மேல் ஏறி நின்றிருந்தீர்கள்.

கான்வென்ட்டைச் சொர்க்கம் என்று நினைக்கிறீர்கள். போன முதல் நாளே முடியை வெட்டினார்கள். தமிழில் பேசினால் முட்டி போட வைத்தார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் அம்மா என்னைப் பார்க்க மலை ஏறி வருவாள். உங்களிடம் சந்தைக்குப் போவதாகச் சொல்லியிருப்பாள். கேட்டுக்கு வெளியே நிற்பாள். என்னை "மிஸ்ஸி பாப்பா" என்று கூப்பிடுவாள். முதல் தரம் நான் "அம்மா" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஆயான்னு சொல்லு சாமி. சிஸ்டரு பாக்குறாங்க" என்றாள். நான் ஆயா என்று சொன்னேன். பிறகு பழகிவிட்டது. கல்யாணத்தில் உங்களைப் பற்றி அப்படிச் சொன்னபோது நான் யோசித்துச் சொல்லவில்லை. ஏழு வயதிலிருந்து சொல்லி வந்தது தானாக வந்தது. இது சமாதானம் இல்லை.

அம்மா ஏன் அப்படிச் செய்தாள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அதை எழுத மாட்டேன். அது உங்களுக்கு வேண்டாம்.

நானும் இங்கே நினைத்த இடத்துக்குப் போகிறவள் இல்லை அக்கா. என் அறை மாடியில். முட்டி இரண்டும் போய்விட்டது, படி இறங்கினால் ஏற முடியாது. சனிக்கிழமை ரெபெக்கா ஓக் ட்ரீ ரோடுக்குக் கூட்டிப் போவாள், அவள் சாமான் வாங்கும்வரை காரில் உட்கார்ந்திருப்பேன். பேரப் பிள்ளைகளுக்கு நான் பேசினால் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். அவர்களிடம் நான் சொல்லியிருக்கும் குடும்பக் கதையில் ஓர் ஐரிஷ் தாத்தா, ஒரு கான்வென்ட், ஒரு நல்ல ஆயா. அதை விட்டு நான் வெளியே வர எந்தப் பக்கமும் கதவு இல்லை.

ரூஃபஸிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

பிரிஜித்

கேட்டி
12 ஏப்ரல் 2024

பிரிஜித்தாவுக்கு,

எது எனக்கு வேண்டும், எது வேண்டாம் என்று சொல்ல நீ யார்? என் வாழ்க்கையில் எல்லாரும் அதை ஒன்றுதான் செய்தார்கள். அம்மா மலை ஏறி உன்னைப் பார்க்க வந்தாள் என்பதையே நான் இப்போதுதான் கேட்கிறேன். சந்தைக்குப் போனவள் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டுதான் வருவாள். அதை ஆய்ந்தவள் நான்.

உன் கடிதத்தை ரூஃபஸிடம் காட்டவில்லை. அவனிடம் சும்மா ஒன்று கேட்டேன், டிரைவர் கேட்டில் இரண்டு தரம் ஊதுவது எதற்கு என்று. "கேட் வந்தா ஊதியே ஆகணும்மா, ரூல் அது" என்றான். அப்புறம் தோசை சாப்பிடப் போய்விட்டான்.

நேற்று யூனிஸ் வீட்டுச் சாமான்களை கராஜில் பரப்பி விலைச்சீட்டு ஒட்டினாள். ரெனிஷின் சைக்கிளை ஒரு சீனாக்காரர் கொண்டுபோனார். பையன் ஜன்னலில் நின்று பார்த்தான். ரூஃபஸ் உனக்குக் கெடு வைத்திருக்கிறான், இந்த மாதம் முடிவதற்குள் நீ ஒத்துக்கொள்ளாவிட்டால் அயர்லாந்துக்கு எழுதிவிடுவானாம்.

உனக்குத் தெரிந்ததை எழுது. எதுவாக இருந்தாலும்.

சவரியம்மாள்

எடிசன்
24 ஏப்ரல் 2024

அக்கா,

எழுதுகிறேன். கெடுவுக்குப் பயந்து இல்லை.

2009ல் நான் போத்தனூர் போனபோது அப்பாவின் புதைப்புப் பதிவைத் தேடி எடுக்கக் கோவிலில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். பதிவில் ஒரே வரிதான். பெயர், வயது, எந்த வரிசையில் எத்தனையாவது குழி. அந்தப் பக்கத்தில் ஒரு காகிதம் மடித்துச் செருகியிருந்தது. பாதர் ரூர்க்கின் கையெழுத்து. அப்பாவைப் புதைத்த அன்று காலையில் எழுதியது. அதில் உள்ளதைத் தமிழில் அப்படியே எழுதுகிறேன்.

"அருளாயி ஆகிய நான் காலஞ்சென்ற மார்ட்டின் கீலியின் வீட்டில் ஆயாவாக இருந்தவள். பிரிஜித் என்ற குழந்தை நான் பெற்றதல்ல. சவரியம்மாள் என்னும் பெண் என் மகள். அவளுக்கும் காலஞ்சென்றவருக்கும் எந்த உறவும் இல்லை. இவ்விருவரையும் குறித்து இனி நான் எதையும் கோர மாட்டேன். இது எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது."

கீழே பெருவிரல் ரேகை. சாட்சி ரெஜினால்டு, டிகோஸ்டா.

ரயில்வேக்கார வெள்ளையரின் அநாதைப் பிள்ளை என்றால்தான் கான்வென்ட்டில் இலவசமாக எடுப்பார்கள். அம்மா உயிரோடு, அதுவும் தமிழச்சியாக இருந்தால் எடுக்க மாட்டார்கள். அதற்காக எழுதியது. அந்தக் காகிதத்தில் எனக்கு அம்மா இல்லை, உனக்கு அப்பா இல்லை.

நான் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். உன்னிடம் சொல்ல வந்தேன். உண்மையாக வந்தேன். உன் தெரு முனைவரை ஆட்டோவில் வந்து திரும்பிப் போனேன். உனக்கு அப்பாவும் இல்லை, படிப்பும் இல்லை, அம்மா ஒருத்திதான் இருந்தாள். செத்த பிறகாவது அவள் உனக்கு முழுசாக இருக்கட்டும் என்று நினைத்தேன். உன் கோபம் என் மேல் இருந்தால் அவள் மேல் போகாது. இப்படி நல்லவள் மாதிரி நினைத்துக்கொண்டே போய் ஒரே வாரிசு என்றும் எழுதிக் கொடுத்தேன். இரண்டும் நான்தான்.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ரெபெக்காவிடம் சொன்னேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. "ஆயான்னு சொன்னீங்களே, அவங்கதான் என் பாட்டியா?" என்றாள். அப்புறம், "மம்மி, டப்ளின்ல இருந்தப்ப உங்க அப்பா ஊருக்குப் போய் ஒவ்வொரு கல்லறையா போட்டோ எடுத்து அனுப்பினேனே. அப்பக்கூட சொல்லத் தோணலையா?" என்றாள். ஒரு வக்கீலிடம் பேசினாள். நான் அப்பாவின் மகள் என்பது பொய் இல்லை, அதனால் அவள் பாஸ்போர்ட் நிற்கும் என்றுதான் தோன்றுகிறது, ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றாராம். ரெபெக்கா போனை வைத்துவிட்டு, "கையெழுத்து போடுங்க" என்றாள். அதோடு சரி. இப்போது தட்டில் சாப்பாடு கொண்டுவந்து அறை வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள். பிள்ளைகளும் மேலே வருவதில்லை.

நோட்டரி கையெழுத்து இதோடு இருக்கிறது. இரண்டு மகள்கள், மூத்தவள் சவரியம்மாள், இளையவள் பிரிஜித், ஒரே தகப்பன், ஒரே தாய் என்று எழுதியிருக்கிறேன். 2009ல் சொன்னது பொய் என்றும் எழுதியிருக்கிறேன். குழாயிலும் துப்பி அனுப்பிவிட்டேன்.

அக்கா, உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். தருவாயோ இல்லையோ, கேட்கவில்லை என்று இருக்கக் கூடாது.

பிரிஜித்தா

கேட்டி
21 ஜூலை 2024

சேசு மரி சூசை

தங்கச்சி பிரிஜித்தாவுக்கு,

பதில் தாமதம். புயல் வந்து ஒரு வாரம் கரண்ட் இல்லை. வீடு அடுப்பாகக் கொதித்தது. வாசல் கண்ணும் செத்துக் கிடந்தது. அப்போது போயிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். போக இடம்தான் இல்லை.

எச்சில் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. ஒரே தாய் தகப்பன் பிள்ளைகள் என்று படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ரூஃபஸ் எல்லாக் காகிதத்தையும் அயர்லாந்துக்கு அனுப்பியிருக்கிறான். அவர்கள் பார்த்துச் சொல்ல ஏறக்குறைய ஒரு வருடம் ஆகுமாம். வேலை கிடைக்கவில்லை. விருந்தாளி விசாவுக்கு மாற்றச் சொல்லி மனுப் போட்டுவிட்டு, ஆபீஸ் போகாமல், ஊருக்கும் போகாமல், மகனும் என்னைப் போலவே வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறான். பாஸ்போர்ட் கேட்டேன். "இன்னும் ஒரு கையெழுத்துக்குக் கூப்பிடலாம்மா, அதுக்கப்புறம் பாக்கலாம்" என்கிறான். முன்பானால் கத்தியிருப்பேன். இப்போது அவன் கண்ணைப் பார்த்தால், பூட்டி வைத்திருக்கிறவனுக்கும் சாவி கிடையாது என்று தெரிகிறது.

ரெபெக்கா இன்னும் பேசவில்லையா? பேசுவாள். பேசாவிட்டாலும் தட்டு வருகிறதில்லையா, அதுவரைக்கும் பயமில்லை. தட்டு நின்றால் எனக்கு எழுது.

நீ மன்னிப்புக் கேட்டிருந்தாய். மூன்று மாதமாக அதைத்தான் யோசித்தேன். பாதர் ரூர்க் சட்டம் பார்க்கிற ஆள், டாலி மிஸ்ஸி பிறத்தியாள், அவர்களை விட்டேன். அப்பாவிடம் எனக்கு எதுவும் வர வேண்டியதில்லை, அவர் கொடுத்ததும் இல்லை, நான் கேட்டதும் இல்லை. பேரனுக்கு ஒரு காகிதம் கொடுத்தால் போதும். உன்னை மன்னித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. உன் மேல் கோபப்படக் காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் மிச்சம் இருக்கிறது. வெறும் பழக்கம் எத்தனை நாள் நிற்கும்?

ஆனால் அந்தக் காகிதத்தில் என்னைப் பற்றிய வரியை என்னால் தாண்ட முடியவில்லை. "பிரிஜித் நான் பெற்றதல்ல" என்றது உனக்காக. அது இல்லாமல் உனக்குக் கான்வென்ட் இல்லை. சரி. புருஷன் பிணம் வீட்டுக்குள், வாசலில் பேனாவோடு பாதர், இரண்டில் ஒன்றையாவது கரையேற்றலாம் என்று நினைத்திருப்பாள். யார் அவளைக் குறை சொல்ல முடியும்? யூனிஸ் அப்படித்தான் சொன்னாள். "பாவம் அத்தை, அவங்க என்ன பண்ணுவாங்க" என்றாள். நானும் அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். எனக்கும் அப்பாவுக்கும் "எந்த உறவும் இல்லை" என்ற வரிக்கும் அதையே சொல்லிப் பார்த்தேன், பாதர் கேட்டிருப்பான், அவள் தலையாட்டியிருப்பாள் என்று.

அதுகூடப் போகட்டும். அதற்கு அப்புறம் இருபத்தைந்து வருடம் அவள் என்னோடு இருந்தாள். மில்லில் நின்று அவளுக்குக் கஞ்சி ஊற்றினேன். விழுந்த பிறகு குளிப்பாட்டினேன், பீ மூத்திரம் அள்ளினேன். உன் கல்யாணத்திலிருந்து வந்து அடுப்படி ஓரம் எனக்கு இலை போட்ட கதையை அவள் மடியில் படுத்து அழுதுகொண்டே சொன்னேன். என் தலையைத் தடவிக்கொண்டு, "ஆமாஞ்சாமி, அவ அப்படித்தான், கல்நெஞ்சுக்காரி" என்றாள். நான் உன்னைத் திட்டும்போதெல்லாம் கூட உட்கார்ந்து தலையாட்டினாள். அவள் சாவுக்கு நீ வரவில்லை என்று ஊர் முழுக்கப் பேசினேன். அவள்தான் உன்னை வரக் கூடாதென்று சொல்லி வைத்திருப்பாள், இப்போது புரிகிறது. ஒரே ஒரு தரம், "அவ மேல தப்பில்ல கண்ணு" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எங்கே என் கோபம் அவள் பக்கம் திரும்புமோ என்று உன்னை எனக்குத் தின்னக் கொடுத்தாள். ஐம்பது வருடம் தின்றேன். எனக்கு ஒரு தங்கச்சி இருந்தாள், அவளோடு ஒரு நாள் சேர்ந்து தலை பின்னிக்கொண்டதில்லை, ஒரு பிரசவத்துக்குப் போனதில்லை.

போத்தனூரில் அவள் குழியையே எனக்கும் திறந்து வைக்கச் சொல்லிக் கோவிலில் எழுதிக் கொடுத்திருந்தேன். ரூஃபஸிடம் நேற்று சொல்லிவிட்டேன், அதை ரத்துப் பண்ணு, வேறு எங்கே வேண்டுமானாலும் வை, இந்த ஊர் மண்ணானாலும் சரி. "ஏம்மா இப்படிப் பேசுறீங்க" என்றான். அவனுக்குச் சொல்லவில்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன், நீயும் அவள் பிள்ளை என்பதால்.

அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் ஒருத்தியை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், என்னைப் பெற்றவள், அருளாயி.